மாடியில் பிரிண்ட் வருகிறது, கீழே இருந்து கொடுத்தால் வருவதில்லை: வீட்டு வைஃபையும் பொதுப் பிரிண்டரும்

மாடிவீடு (சனி, காலை 10.12)

வணக்கம். வீடு பெங்களூர் ராமமூர்த்தி நகரில். முப்பதுக்கு நாற்பது சைட், கீழ்த்தளமும் முதல் மாடியும். ஃபைபர் பெட்டி கீழே ஹாலில் டிவி பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதன் வைஃபை மாடியின் பின் அறைக்கு எட்டாததால் இன்னொரு ரூட்டர் வாங்கி மாடிப்படி முடிகிற இடத்தில் வைத்திருக்கிறோம். பெட்டியின் லேன் துளையிலிருந்து (வீட்டுக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் துளை) வெளிச்சுவர் வழியாகக் கேபிள் இழுத்து மாடி ரூட்டரின் நீலத் துளையில் செருகியிருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு வைஃபை பெயர்.

பிரிண்டர் மாடி அறையில். வைஃபை உள்ள இங்க் டேங்க், ஸ்கேனரும் சேர்ந்தது. வீட்டில் விண்டோஸ் 11 லேப்டாப் இரண்டு, அலுவலக லேப்டாப் ஒன்று, ஆண்ட்ராய்டு போன் இரண்டு, ஐபேட் ஒன்று.

மாடியில் உட்கார்ந்து கொடுத்தால் பிரிண்ட் வருகிறது. கீழே இருந்து எந்தக் கருவியிலும் பிரிண்டரே தெரியவில்லை. மாடியிலும் மறுநாள் காலையில் லேப்டாப் 'ஆஃப்லைன்' என்கிறது. பிரிண்டரின் வைஃபை விளக்கோ அணையாமல் எரிகிறது. அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிறது, இரண்டு நாளில் திரும்பவும் அதே கதை. அலுவலக லேப்டாப்பில் ஒருநாளும் வந்ததில்லை. கரண்ட் போய் வந்தால் எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கிறது. 200 எம்.பி.பி.எஸ். திட்டம், மாடியில் வேகம் 94-ஐத் தாண்டுவதே இல்லை.

மெஷ் (காற்றிலேயே ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் ரூட்டர் தொகுப்பு) வாங்கினால் எல்லாம் தீரும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.


கம்பிமுனை (சனி, காலை 11.05)

மெஷ் இப்போது வேண்டாம். இரண்டு தளத்துக்கும் நடுவே கேபிள் ஏற்கெனவே இருக்கிறது. மெஷ் காற்றில் செய்ய முயல்வதை அந்தக் கம்பி அதைவிட நன்றாகச் செய்யும்.

உங்கள் வீட்டில் இருப்பது ஒரு வலையமைப்பு இல்லை, இரண்டு. நீங்கள் எழுதியிருப்பதில் பாதி அதிலிருந்து கிளைத்ததுதான். கீழே நின்று போனில் வைஃபை பெயரைத் தொட்டு, விவரத்தில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 192.168.1.7 மாதிரி இருக்கும். மாடி வைஃபையில் சேர்ந்து மறுபடி பாருங்கள். 192.168.0.104 மாதிரி, மூன்றாவது எண் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நீலத் துளை இணையம் உள்ளே வருகிற வாசல். அதில் கேபிளைச் செருகினால் ரூட்டர் தனக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தனியாக எண் கொடுத்து, வெளியே ஒற்றை முகவரியைக் காட்டும். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிற கோரிக்கை உள்ளே யாருக்கானது என்று அதற்குத் தெரியாது, தள்ளிவிடும். கீழ்த்தள லேப்டாப் மாடி ரூட்டருக்கு வெளியாள்.

பிரிண்டரைக் கீழ் வைஃபையில் சேர்த்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். மாடி லேப்டாப்பில் முகவரியைக் கையால் அடித்தால் அச்சாகும், ஆனால் மாடியில் போனும் ஐபேடும் கண்டுபிடிக்காது. அவை எம்.டி.என்.எஸ். என்ற முறையில் 'பிரிண்டர் யாராவது உண்டா' என்று வலைக்குள் குரல் கொடுத்துத் தேடுகின்றன. அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டாது. அதனால் வலையை ஒன்றாக்குவதுதான் வழி.

மாடி ரூட்டரை அக்சஸ் பாயிண்டாக, அதாவது தனி வலை அமைக்காமல் கீழ்ப் பெட்டியின் வலையையே வைஃபையில் பரப்பும் கருவியாக, மாற்றுங்கள். வரிசை முக்கியம், தவறினால் ரூட்டரின் பக்கமே திறக்காமல் போகும். முதலில் அதன் நீலத் துளைக் கேபிளைக் கழற்றுங்கள். லேப்டாப்பை அதன் லேன் துளையில் கேபிளால் இணைத்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள முகவரியில் உள்ளே போங்கள். 'ஆபரேஷன் மோட்' என்ற இடத்தில் அக்சஸ் பாயிண்ட் என்று இருந்தால் தேர்ந்தெடுத்து சேமித்தால் போதும். பெரும்பாலான மாடல்களில் அதற்குப் பிறகு கேபிள் எந்தத் துளையில் இருந்தாலும் ஒன்றுதான்.

அப்படி ஒரு தேர்வு இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும். கருவிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரை அணைத்து சேமியுங்கள். அடுத்ததாக லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், அதாவது கீழ்ப் பெட்டியின் வரிசையில், யாரும் பயன்படுத்தாத எண். சேமித்த நொடியில் பக்கம் அறுந்துவிடும், பயப்பட வேண்டாம். இப்போது கீழிருந்து வரும் கேபிளை நீலத் துளையில் செருகாமல் நான்கு லேன் துளைகளில் ஏதாவது ஒன்றில் செருகுங்கள். டி.எச்.சி.பி.யை அணைக்க மறந்து இதைச் செய்தால் வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்குவார்கள். கீழே உள்ள போன்களுக்கும் சில நேரம் இணையம் வரும், சில நேரம் வராது. தேடிக் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு அது.

கீழ்ப் பெட்டியின் டி.எச்.சி.பி. வரம்பையும் பாருங்கள். 2 முதல் 254 வரை என்று இருந்தால் தொடக்கத்தை 100 ஆக்குங்கள். இல்லையென்றால் ஒருநாள் அந்த 2-ஐ யாரோ ஒரு விருந்தாளியின் போனுக்குக் கொடுத்துவிடும், மாடி ரூட்டரோடு மோதும்.

வைஃபைக்கு இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை. சேனல் மட்டும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1, மாடியில் 6 அல்லது 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து வீட்டோடு மோதாமல் இருக்க 3, 4 என்று நடுவில் வைக்கிறார்கள், அது தவறு. ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். பாதி மேலே விழுகிற சேனலில் இருந்தால் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகக் கேட்கும், இருவர் அனுப்புவதும் கெடும். 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149 வையுங்கள். நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரூட்டர் தொடங்கும்போது குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசும். ரேடார் போல எதையாவது கேட்டால் அந்த இடத்திலேயே சேனலைவிட்டு விலகும். வீட்டுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

பிரிண்டரின் பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இந்த வகையில் பெரும்பாலானவை 2.4 மட்டும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து 'ஸ்மார்ட் கனெக்ட்' போட்டிருந்தால் பிரிண்டரைச் சேர்க்கும்போது மட்டும் அதை அணையுங்கள். பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்று இருக்கட்டும். டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்தால் பல பிரிண்டர்கள் கடவுச்சொல் தவறு என்றே சொல்லும். சரியான கடவுச்சொல்லைப் பத்து முறை அடித்துக்கொண்டிருப்பீர்கள்.


மைப்புட்டி (சனி, நண்பகல் 12.20)

மேலே சொன்னதைச் செய்தால் கீழே இருந்து வராத பிரச்சினை போயிடும். ஆனா மறுநாள் 'ஆஃப்லைன்' காட்டுறது வேற வியாதி. அது விண்டோஸ் பக்கம்.

முதல்ல பிரிண்டரோட பேனல்லேயே நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்தை அச்சடிங்க. செட்டிங்ஸ்ல இருக்கும்; திரை இல்லாத மாடல்ல வைஃபை பட்டனையோ 'ஐ' பட்டனையோ சில நொடி அழுத்திப் பிடிக்கணும். ஒரே தாள்தான், அதுல எல்லாம் இருக்கு: சேர்ந்திருக்கிற வைஃபை பெயர், ஐ.பி. முகவரி, ஆறு ஜோடியா எழுதின மேக் முகவரி (பிரிண்டரோட அடையாள எண்), சிக்னல் அளவு. சிக்னல் மைனஸ் 65 டி.பி.எம். அளவுல இருந்தா நிம்மதி. மைனஸ் 75-ஐவிட பலவீனமா, மைனஸ் 80 பக்கம் போச்சுன்னா பிரிண்டரை நகர்த்துங்க. இரும்பு பீரோ பக்கத்துல வச்சிருந்தா அரை அடி இழுத்தாலே வித்தியாசம் தெரியும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்க வேணும்.

மேக் முகவரியை எடுத்துட்டுப் போய் ஃபைபர் பெட்டியில 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில அதுக்கு ஒரு நிரந்தர எண் கொடுங்க. கம்பிமுனை வரம்பை 100-லிருந்து தொடங்கச் சொன்னார், அது சரி. ஆனா பல ஃபைபர் பெட்டிகள்ல ரிசர்வேஷன் எண் அந்த வரம்புக்குள்ள இருந்தாத்தான் ஏத்துக்கும். அதனால 192.168.1.20 ஏறலைன்னா 192.168.1.120 கொடுங்க. எந்த எண்ங்கிறது முக்கியமில்லை, மாறாம இருக்கிறதுதான் முக்கியம்.

இப்ப லேப்டாப். பிரிண்டரைத் தானா தேடிச் சேர்த்தா விண்டோஸ் பல நேரம் டபிள்யூ.எஸ்.டி.ங்கிற போர்ட்ல (வேலையைப் பிரிண்டருக்கு அனுப்புற வழி) மாட்டிவிடும். அது பிரிண்டர் கொடுக்கிற அறிவிப்பை நம்பி ஓடுறது. பிரிண்டர் ஆழ்ந்து தூங்கி அந்த அறிவிப்பு நின்னுட்டா, விண்டோஸ் அதை ஆஃப்லைன்னு முடிவு பண்ணிடும். உங்க வைஃபை விளக்கு எரிஞ்சுட்டே இருக்கிறதுக்கும் இது பொருந்துது.

செட்டிங்ஸ்ல புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், உங்க பிரிண்டர், 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்'. போர்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி 'அட்வான்ஸ்டு' தாவல்ல டிரைவர் (பிரிண்டரோட பேசுற மென்பொருள்) பெயரைப் பாருங்க. 'மைக்ரோசாஃப்ட் ஐ.பி.பி. கிளாஸ் டிரைவர்'னு இருந்தா போர்ட்டை மாத்தாதீங்க, பக்கம் பக்கமா குப்பை எழுத்து வரலாம். பிரிண்டரை நீக்கிட்டு, தயாரிச்ச நிறுவனத்தோட தளத்திலிருந்து உங்க மாடலுக்கான முழு டிரைவரைப் போடுங்க. அதுக்கப்புறம் 'போர்ட்ஸ்' தாவல், ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டி.சி.பி. ஐ.பி. போர்ட், நியூ போர்ட், நீங்க ஒதுக்கின எண். இதுல வேலை 9100-ங்கிற போர்ட்டுக்கு நேராப் போகும், அறிவிப்பெல்லாம் தேவையில்லை.

இன்னும் ஒண்ணு. அதே தாவல்ல 'கான்ஃபிகர் போர்ட்' திறந்தா கீழே 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்டு'ன்னு ஒரு டிக் இருக்கும். எடுத்துடுங்க. அது இருந்தா விண்டோஸ் எஸ்.என்.எம்.பி.ங்கிற முறையில பிரிண்டரோட நிலையைக் கேட்டுட்டே இருக்கும். பிரிண்டர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதிச்சாலோ, அதுக்கு அந்த மொழியே தெரியலைன்னாலோ, நல்லா இருக்கிற பிரிண்டரை விண்டோஸ் ஆஃப்லைன்னு காட்டும். இந்த ஒரு டிக்கை எடுக்காம பிரிண்டரை அழிச்சு அழிச்சுச் சேர்க்கிறவங்க நிறையப் பேர்.

லேப்டாப் வைஃபையை 'பிரைவேட்'னு குறிச்சிருக்கான்னும் பாருங்க. 'பப்ளிக்'னு இருந்தா தேடல் அடைபடும். ஸ்கேனுக்கு இந்தப் போர்ட் சம்பந்தமில்லை, நிறுவனத்தோட ஸ்கேன் செயலியில ஐ.பி.யைக் கொடுத்து சேர்த்துக்கலாம்.

கடைசியா, பிரிண்டர் மெனுவுல 'ஆட்டோ பவர் ஆஃப்' இருந்தா அணைச்சு வைங்க. தூங்குறது வேற, முழுசா அணையறது வேற. முழுசா அணைஞ்சா யாராவது மாடிக்குப் போய்த்தான் எழுப்பணும்.


அல்சூர்_ஏரிக்கரை (சனி, மாலை 4.40)

ஆண்ட்ராய்டுக்குத் தனிச் செயலி தேவையில்லை. செட்டிங்ஸில் 'பிரிண்டிங்' என்று தேடி 'டிஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ்' இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐபேடுக்கு அதிலேயே உள்ள ஏர்பிரிண்ட் வசதி போதும். இணையத்தில் பழைய குறிப்புகளில் கூகுள் கிளவுட் பிரிண்ட் என்று வரும். அந்தச் சேவை 2020 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது, அந்தக் குறிப்புகளைப் படித்து நேரம் கழிக்க வேண்டாம்.

விருந்தாளிகளுக்குக் கெஸ்ட் வைஃபை வைத்திருந்தால் அதிலிருந்து பிரிண்ட் போகாது, போகவும் கூடாது. ஆனால் வீட்டு ஆள் யாராவது தெரியாமல் கெஸ்டில் சேர்ந்திருந்தால் 'பிரிண்டர் காணோம்' என்ற புகார் வரும். முதன்மை வைஃபையிலேயே 'ஏ.பி. ஐசொலேஷன்' என்று ஒரு தேர்வு சில பெட்டிகளில் இயங்கியபடி வருகிறது. அது ஒரு கருவியை இன்னொன்று பார்க்கவிடாது. அணைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு இரண்டு. பிரிண்டரைச் சேர்க்க, கடவுச்சொல் அடிக்காமலே சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். பட்டனை அழுத்தியிருந்தால் வேலை முடிந்ததும் ரூட்டரில் அதை அணைத்துவிடுங்கள். அதில் எட்டு இலக்க எண்ணால் சேரும் முறையின் ஓட்டை 2011-லேயே வெளியானது. பிரிண்டர் தானே 'டைரக்ட்' என்று தொடங்கும் ஒரு வைஃபையை ஒளிபரப்பினால், தேவையில்லாதபோது அதையும் அணையுங்கள். தெருவில் போகிறவர் போனிலும் அந்தப் பெயர் தெரியும். பல மாடல்களில் அதன் கடவுச்சொல் எல்லாரும் ஊகிக்கக்கூடியது.


மாடிவீடு (ஞாயிறு, காலை 9.30)

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது எண் மாறித்தான் இருந்தது. ரூட்டரில் அக்சஸ் பாயிண்ட் தேர்வு இருந்தது, மாற்றியாயிற்று. இரண்டு லேப்டாப்பிலும் டி.சி.பி. ஐ.பி. போர்ட்டுக்கு மாற்றி டிக்கையும் எடுத்துவிட்டேன். பிரிண்டர் எண் 192.168.1.120, 20-ஐப் பெட்டி ஏற்கவில்லை, மைப்புட்டி சொன்னது சரி. சிக்னல் மைனஸ் 58. கீழே ஐபேடிலிருந்து கணக்குத் தாள் அச்சாகிவிட்டது.

மீதம் இரண்டு: அலுவலக லேப்டாப், மாடியில் 94 எம்.பி.பி.எஸ். வைஃபையில் மட்டுமல்ல, மாடி ரூட்டரில் கேபிளால் இணைத்துப் பார்த்தாலும் அதே 94.


எட்டுநிறக்கம்பி (ஞாயிறு, காலை 10.15)

94 என்பது தற்செயலான எண் இல்லை. 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் தலைப்புத் தகவல்கள் போக மிச்சம் கிடைப்பது அந்த அளவுதான். ஆக ஃபைபர் பெட்டிக்கும் மாடி ரூட்டருக்கும் நடுவே எங்கோ இணைப்பு கிகாபிட்டில் (1000 எம்.பி.பி.எஸ்.) இல்லை, 100-இல் நிற்கிறது.

கேபிளைத் தொடுவதற்கு முன் இரண்டு பக்கத் துளையையும் பாருங்கள். ஃபைபர் பெட்டிகளில் பலவற்றில் ஒரு லேன் துளை மட்டுமே கிகாபிட், மற்றவை 100. துளையின் மேல் எழுத்தில் வித்தியாசம் இருக்கும், ஒன்றில் 'ஜி.இ.', மற்றவற்றில் 'எஃப்.இ.'. கேபிள் தவறான துளையில் இருந்தால் மாற்றிச் செருகுவதோடு முடிந்தது. மாடி ரூட்டரையும் பாருங்கள். குறைந்த விலை இரட்டை அலைவரிசை ரூட்டர்களில் வைஃபை வேகத்தைப் பெரிதாக அச்சிட்டுவிட்டு, கம்பித் துளைகளை 100-ஆகவே வைத்திருப்பார்கள். அப்படியானால் ரூட்டரை மாற்றாமல் தீராது.

இரண்டும் கிகாபிட் என்றால் பழி கேபிள் மேல். உள்ளே நான்கு ஜோடி, எட்டுக் கம்பி. 100-க்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி தொடாமல் இருந்தாலும் இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்டதுபோல் 100-க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, எல்லாம் வேலை செய்வதுபோலவே இருக்கும். பெரும்பாலும் கோளாறு முனையில்தான். ஜாக்கைக் கையில் எடுத்து, கிளிப் கீழே, பொன் நிறத் தகடு மேலே, கேபிள் நுழையும் வாய் உங்கள் பக்கம் இருக்கும்படி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடமிருந்து வலம் இப்படி இருக்க வேண்டும்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக்கின் நுனி வரை எட்டும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் தகடு அதன் மேல் இறங்கியிருக்காது. வெளி உறை ஜாக்கின் உள்ளே கடிபட்டிருக்க வேண்டும். வண்ணக் கம்பிகள் வெளியே தெரிந்தால் நாளடைவில் இழுபட்டு விடும்.

வெட்டி மறுபடி ஜாக் போடும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே வரிசை. போட்டதும் எட்டு விளக்கு டெஸ்டரில் ஓட்டிப் பாருங்கள்.

முனை சரியாக இருந்தும் கிகாபிட்டுக்கு ஏறவில்லை என்றால் கேபிளையே மாற்ற வேண்டும். வெளிச்சுவரில் போகிறது என்கிறீர்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் உறை வெயிலில் வெடிக்கும், மழைநீர் உள்ளே இறங்கும். கறுப்பு உறை போட்ட வெளிப்புற 'கேட் 6' வகைக் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். எஸ்.பி. ரோடில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், ஆனால் வாங்குமுன் கம்பி ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடம் வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஜாக் போடும்போதே ஒடியும், தடையும் அதிகம். உள்ளேயும் செம்பாக இருப்பதைத்தான் வாங்க வேண்டும். சுவருக்குள் நுழையும் துளைக்கு முன்னால் கேபிளை ஒரு கை அளவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து விடாதீர்கள். அது பேச்சுக் கெடும் விஷயம் மட்டுமல்ல, உறை உரிந்தால் உயிருக்கே ஆபத்து.


கம்பிமுனை (ஞாயிறு, காலை 11.00)

அலுவலக லேப்டாப்பைப் பற்றி. வி.பி.என். (அலுவலகத்துக்கு இணையம் வழியே போடும் பாதுகாப்பான குழாய்) இயங்கும்போது எல்லாப் போக்குவரத்தும் அலுவலகத்துக்குப் போகும்படி வைத்திருப்பார்கள். 192.168.1.120-ஐத் தேடும் வேலையும் வீட்டுக்குள் திரும்பாமல் அந்தக் குழாயில் போய்க் காணாமல் போகிறது. வி.பி.என்.னைத் துண்டித்துவிட்டு பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். வந்தால் காரணம் அதுதான். அதைச் சுற்றிப் போகும் தந்திரங்கள் இணையத்தில் கிடைக்கும், செய்யாதீர்கள். அலுவலகக் கோப்பு தொடர்பான விதி அது. ஐ.டி. பிரிவிடம் 'லோக்கல் லேன் அக்சஸ்' கேளுங்கள். அனுமதித்தால் அவர்கள் பக்கத்தில் ஒரே மாற்றம். மறுத்தால் யு.எஸ்.பி. கேபிளை நேரடியாகச் செருகுவது அடுத்த வழி, டிரைவர் போட அவர்கள் அனுமதி அதற்கும் வேண்டியிருக்கும்.


புதுக்கேள்வி_கம்மனஹள்ளி (ஞாயிறு, மாலை 5.10)

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது வைஃபையே இல்லாத கறுப்பு-வெள்ளை லேசர், யு.எஸ்.பி. மட்டும். ரூட்டரில் யு.எஸ்.பி. துளை இருக்கிறது. அதில் செருகினால் போதுமா?


மைப்புட்டி (ஞாயிறு, மாலை 6.25)

ரூட்டர் மெனுவுல 'பிரிண்ட் சர்வர்'னு இருந்தா மட்டும் போதும். பல ரூட்டர்ல அந்தத் துளை பென் டிரைவுக்கு மட்டும்தான். பிரிண்ட் சர்வர் இருந்தாலும் போன்ல தெரியாது, ஸ்கேனர் சேர்ந்த மாடல்னா ஸ்கேன் பெரும்பாலும் வராது.

எப்பவும் ஓடுற ஒரு கம்ப்யூட்டர்ல செருகி ஷேர் பண்ணலாம். ஆனா இன்னொரு விண்டோஸ்ல சேர்க்கும்போது 11பி-ன்னு முடியுற பிழை எண் வந்தா காரணம் தெரிஞ்சுக்கோங்க: 2021-ல விண்டோஸோட பிரிண்ட் ஸ்பூலர்ல (அச்சு வேலைகளை வரிசையில வைக்கிற பகுதி) கண்டுபிடிச்ச பெரிய ஓட்டைகளுக்கு அப்புறம் மைக்ரோசாஃப்ட் அந்த இணைப்பைக் கெட்டியாக்கிச்சு. ரெஜிஸ்ட்ரியில ஒரு எண்ணை 0 ஆக்கினா சரியாயிடும்னு சொல்லித் தர்றாங்க. அது அந்த ஓட்டையைத் திறந்து வைக்கிற வேலை. ரெண்டு கம்ப்யூட்டரையும் அப்டேட் பண்ணிட்டு, சேர்கிற கம்ப்யூட்டர்லயும் அதே டிரைவரை முன்னாடியே போட்டுட்டு முயற்சி பண்ணுங்க.

எனக்குப் பிடிச்ச வழி ராஸ்பெர்ரி பைங்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். கப்ஸ் (அச்சு வேலையைக் கவனிக்கிற மென்பொருள்), அவாஹி (பிரிண்டர் இருக்குன்னு வலையில அறிவிக்கிறது) ரெண்டையும் போட்டு லேசரை அதுல செருகினா 631 போர்ட்ல அதோட பக்கம் திறக்கும். 'ஷேர்' டிக் போட்டதும் ஐபேட், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் தெரியும். வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க. மலிவு லேசர்கள் பலதுல பக்கத்தை உருவாக்குற வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்யணும். அதுக்கான டிரைவரை நிறுவனம் இன்டெல் வகை லினக்ஸுக்கு மட்டும் கொடுத்திருந்தா, ஏ.ஆர்.எம். வகைச் சிப் உள்ள ராஸ்பெர்ரி பையில ஓடாது. மாடல் பெயரோட 'ஏ.ஆர்.எம். கப்ஸ்'னு தேடிப் பார்த்துட்டு முடிவெடுங்க.


மாடிவீடு (திங்கள், இரவு 8.50)

கேபிள் எஃப்.இ. துளையில்தான் இருந்தது. மாற்றிச் செருகினேன், மாடியில் 190-க்கு மேல் வருகிறது. அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

இன்று மாலை பெஸ்காம் கரண்ட் இருபது நிமிடம் போய் வந்தது. இணையம் தானாக வந்துவிட்டது. பிரிண்டர் மட்டும் வரவில்லை. வைஃபை விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் வேலை வரிசையிலேயே நிற்கிறது. ஸ்டேட்டஸ் தாள் எடுத்தேன்: முகவரி 169.254.31.8 என்று இருக்கிறது. ரிசர்வேஷன் அழிந்துவிட்டதா?


கம்பிமுனை (திங்கள், இரவு 9.20)

அழியவில்லை. 169.254 என்று தொடங்கினால் 'எண் கேட்டேன், யாரும் தரவில்லை, நானே ஒன்று வைத்துக்கொண்டேன்' என்று பொருள். முகவரி தருவது கீழ்ப் பெட்டி. கரண்ட் வந்ததும் அது ஃபைபரோடு சேர்ந்து முழுதாக எழ இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். மாடி ரூட்டர் அதற்கு முன்பே எழுந்து வைஃபையைப் பரப்பிவிடுகிறது. பிரிண்டர் அதில் சேர்ந்து எண் கேட்கிறது, கொடுக்க ஆள் இல்லை.

ரிசர்வேஷனை அப்படியே விட்டுவிட்டு, பிரிண்டர் மெனுவில் ஐ.பி.யை 'மேனுவல்' ஆக்கி அதே 192.168.1.120-ஐ அடியுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. இனி அது யாரிடமும் எண் கேட்காது. பெட்டியில் உள்ள ரிசர்வேஷன் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் காக்கும். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் சரி.


அல்சூர்_ஏரிக்கரை (திங்கள், இரவு 10.05)

கூடவே இரண்டு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு மினி யு.பி.எஸ். வைத்தால் அவை அணையவே அணையாது. அடாப்டரின் சீட்டைப் படித்து வாங்குங்கள்: 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருந்தால் அதே வோல்ட், ஆம்பியர் அதே அளவோ கூடவோ. 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் எரிந்துவிடும். முனையின் நடுப்புள்ளி பிளஸ் என்ற படமும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். பெட்டி 8 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு 16 வாட்-ஹவர், இழப்பையும் சேர்த்து 20-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள்.

பிரிண்டரை அதில் இணைக்க வேண்டாம். உங்களுடைய இங்க் டேங்க்கை வீட்டு இன்வெர்ட்டரில் போடலாம், சில வாட்தான். கம்மனஹள்ளி நண்பரின் லேசரை எந்த யு.பி.எஸ்.ஸிலும் போடக் கூடாது. பொடி மையை உருக்கித் தாளில் ஒட்டும் ஃபியூசர் சூடாகும் நொடியில் பல நூறு வாட் இழுக்கும், யு.பி.எஸ். தடுமாறி கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிடும்.


மைப்புட்டி (திங்கள், இரவு 10.30)

இங்க் டேங்க்கை இன்வெர்ட்டர்ல போடறதுல இன்னொரு நன்மை இருக்கு. அணைக்கும்போது பிரிண்டர் தன் ஹெட்டை ஓரத்துல இருக்கிற ரப்பர் மூடிக்கு மேல கொண்டுபோய் நிறுத்தும். அச்சடிக்கும்போது கரண்ட் போனா நடுவழியில திறந்தபடியே நிக்கும், மை காய்ஞ்சு அடைக்கும். சுவர் ஸ்விட்சை நேரா அணைச்சாலும் இதே ஆபத்துதான், எப்பவும் பிரிண்டரோட பட்டனை அழுத்தி, சத்தம் முழுசா நின்ன பிறகு ஸ்விட்சை அணைங்க. வாரத்துக்கு ஒரு தாளாவது நாலு நிறமும் வர்ற மாதிரி அச்சடிங்க.


மாடிவீடு (செவ்வாய், காலை 7.40)

மேனுவலாக எண் கொடுத்துவிட்டு, மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் கீழே போனிலிருந்து பிரிண்ட் போனது. தாளில் 192.168.1.120. பழைய தாளோடு சேர்த்துப் பிரிண்டரின் அடியில் வைத்திருக்கிறேன்.